பதிவுக்குப் போன இருவர்

வன்னியில் ஒரு சிறு பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கியதும் "பாலனை நோக்கிய பயணம்" என்று ஒவ்வொரு மறையுரையிலும் கேட்கிறோம். ஆனால் அந்த நான்கு கிழமையும் கரோல் ஒத்திகை, குடில் போட்டி, ஒளிவிழா, புதுச்சட்டை, கேக் என்று ஓடிவிடுகின்றன. பயணம் என்பது பேச்சுக்கு அழகு சேர்க்கும் உவமை மட்டுந்தானா, அதற்குள் நமக்கென்று ஓர் ஆன்மிகப் பொருள் இருக்கிறதா, இருந்தால் அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று அவர் கேட்கிறார். மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும், இடம்பெயர்ந்த காலத்தில் அதற்குக் கிழக்கேயும், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இதே வகுப்பை எடுத்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நூலைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தப் பயணத்தைப் பற்றி நமக்குத் தெரியும் என்று நாம் நினைத்திருப்பவற்றில் பெரும்பகுதி நற்செய்தியில் இல்லை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் பயணத்துக்குக் கிடைத்திருப்பது இரண்டே வசனங்கள். தாவீதின் வழிமரபினரான யோசேப்பு கலிலேயாவின் நாசரேத்திலிருந்து யூதேயாவின் பெத்லகேமுக்குப் போனார்; அவருக்கு மண ஒப்பந்தமாகிக் கருவுற்றிருந்த மரியாவும் உடன் போனார். அவ்வளவுதான். எத்தனை நாள் நடந்தார்கள், எந்த வழியால் போனார்கள், இரவில் எங்கே தலை சாய்த்தார்கள் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. நம் குடில்களில் தவறாமல் நிற்கும் கழுதை அந்த வசனங்களில் இல்லை. கதவைத் திறந்து "இடமில்லை, போ" என்று விரட்டும் சத்திரக்காரரும் இல்லை. ஒளிவிழா நாடகங்களில் வகுப்பிலேயே உரத்த குரலுள்ள பையனுக்குக் கிடைக்கும் அந்தப் பாத்திரத்தை லூக்கா எழுதவேயில்லை.

ஆனால் ஒரு விடயத்தை லூக்கா விரிவாகவே சொல்கிறார், அது அவர்கள் ஏன் புறப்பட்டார்கள் என்பது. அகுஸ்து சீசர் மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்டார். தம் பெயரைப் பதிவு செய்வதற்கு அவரவர் தம் ஊருக்குப் போனார்கள். பதிவு என்ற அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டது போர் முடிந்த 2009க்குப் பிறகு வந்த ஒரு நத்தார்ப் பூசையில்தான் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் எத்தனையோ முறை அந்த வாசகத்தை நானே வாசித்திருக்கிறேன், சொல் நாவில் பட்டு வழுக்கிப் போய்விடும். முகாமில் இருந்து திரும்பியபின் அந்தச் சொல்லை அப்படிக் கடந்து போக முடியவில்லை. கிராம சேவகரிடம் பதிவு, நிவாரண அட்டைக்குப் பதிவு, முகாமுக்குள் வரப் பதிவு, வெளியேறப் பதிவு, மீள்குடியேறிய காணியில் மறுபடியும் பதிவு. பெயர், குடும்பத் தலைவர், எண்ணிக்கை, முன்பிருந்த இடம் என்று ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களை வரிசையில் நின்று திரும்பத் திரும்பச் சொன்ன மக்கள் நாம். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி அந்த வரிசையில் எப்படி நிற்பாள் என்று கற்பனை செய்ய வேண்டிய தேவை வன்னியில் யாருக்கும் இல்லை.

வரலாறு படித்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவார்கள், அது நியாயமான தடையே. லூக்கா குறிப்பிடும் ஆளுநர் குரேனியு யூதேயாவில் நடத்திய கணக்கெடுப்பு கி.பி. 6ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இயேசு பிறந்தபோது அரசனாயிருந்ததாக நற்செய்தி சொல்லும் பெரிய ஏரோதுவோ கி.மு. 4இல் இறந்தவன் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆண்டில் பொருத்துவது எளிதல்ல. உயர்தரப் பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நம்பிக்கை அதனால் இடிந்துவிடாது. லூக்கா நமக்குக் காட்ட விரும்புவது திகதியை அல்ல. ஒரு பேரரசன் தன் குடிகளை எண்ணத் தொடங்கிய நேரத்தில், அந்த எண்ணிக்கைக்குள் ஒன்றாகக் கடவுளின் மகன் வந்து சேர்ந்தார் என்பதையே.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். நாம் பழக்கத்தில் "பயணம்" என்றால் யாத்திரையை நினைக்கிறோம். மடு மாதா திருநாளுக்குக் கால்நடையாகப் போகிறவர் தாமே நாள் குறிக்கிறார், நேர்த்தி வைக்கிறார், போகுமிடத்தைத் தெரிந்துகொண்டு போகிறார். பெத்லகேம் பயணம் அப்படியல்ல. அது கட்டளையால் நேர்ந்தது, வேண்டி மேற்கொண்டதல்ல. அதன் ஆன்மிகப் பொருள் புறப்பாட்டில் இல்லை, தாம் தெரிந்தெடுக்காத வழியில் அந்த இருவரும் ஒருவரையொருவர் விடாமல் நடந்ததில் இருக்கிறது என்பது என் துணிபு. இதிலேயே ஒரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. சீசரின் கட்டளையைக் கடவுளின் கட்டளை என்று லூக்கா எங்கும் சொல்லவில்லை. "கடவுள்தான் உங்களை இடம்பெயர வைத்தார், உங்களைப் புடம்போடுவதற்காக" என்று மேடையில் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள், ஆயினும் அது தவறான போதனை. கட்டளையிட்டவன் சீசர்; அந்தக் கட்டளையின் கீழ் நடந்து போனவர்களோடு நடந்தவர் கடவுள். இந்த இரண்டையும் குழப்பினால் இழப்புகளைச் சுமக்கும் ஒரு தாயின் முன்னால் நாம் கடவுளையே குற்றவாளியாக நிறுத்திவிடுவோம்.

தூரத்தைப் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு, யோர்தான் பள்ளத்தாக்கு வழியாகப் போனால், ஏறக்குறைய 150 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு நடந்து, அதற்கு மேலும் சற்றுப் போவது போல என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும். ஏ9 வீதியைப் போலச் சமதரையும் அல்ல. யோர்தான் பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, பெத்லகேமோ 770 மீற்றர் உயரத்துக்கு மேற்பட்ட மலைமேட்டில் இருக்கிறது. கடைசி நாள் முழுவதும் ஏற்றம். பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்கு அந்தக் கடைசி ஏற்றம் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். அது ஒரு மறையுரையை விட அதிகம் செய்யும்.

நற்செய்தி பேசாமல் விட்ட அந்த வழியைப் பற்றிப் பழைய கிறிஸ்தவர்களும் யோசித்திருக்கிறார்கள். யாக்கோபின் பெயரால் வழங்கும், 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருவிவிலியத்தில் சேர்க்கப்படாத ஒரு நூல் உண்டு. கழுதை அங்கிருந்துதான் நம் குடிலுக்கு வந்தது. மாட்டையும் கழுதையையும் சேர்த்துத் தொட்டியருகே நிறுத்துவதற்கோ எசாயா முதல் அதிகாரம் காரணம்: மாடு தன் உடையவனையும், கழுதை தன் தலைவன் தீனி போடும் இடத்தையும் அறியும், என் மக்களோ அறியவில்லை என்று இறைவன் முறையிடும் இடம் அது. யாக்கோபு நூலில் என்னை நிறுத்திய பகுதி வேறொன்று. வழியில் யோசேப்பு திரும்பிப் பார்க்கிறார், மரியாவின் முகம் வாடியிருக்கிறது. வலியாக்கும் என்று நினைக்கிறார். மறுபடி பார்க்கிறார், அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்க, மரியா, இரண்டு மக்கள் கூட்டங்களைக் கண்ணெதிரே காண்கிறேன், ஒன்று அழுது புலம்புகிறது, மற்றது மகிழ்ந்து ஆர்ப்பரிக்கிறது என்கிறார். திருச்சபை இதை வேதமாக ஏற்கவில்லை, நானும் அப்படிக் கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் வன்னியில் எந்த நத்தார் இரவிலும் கோவிலுக்குள் இந்த இரண்டு கூட்டமும் பக்கத்துப் பக்கத்து வாங்கில்களில் அமர்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். சில வேளைகளில் ஒரே ஆளின் முகத்தில்.

யோசேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நற்செய்திகளில் அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், செய்கிறார். இந்தப் பேசாத மனிதரைக் காப்பியத் தலைவராக்கும் துணிவு தமிழுக்கும் வாய்த்தது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரை வளன் என்று பெயரிட்டு 3,615 பாடல்களில் பாடினார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்ற பொருள் இருப்பதால் வளன். நம் வகுப்புகளில் திருவருகைக் காலம் முழுவதும் மாதாவைப் பற்றியே பேசிவிட்டு, யோசேப்பை, நம் சூசையப்பரை, குடிலின் ஓரத்தில் தடியோடு நிறுத்திவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அந்த மனக்குறைக்கு ஒரு காரணமும் உண்டு. 2008 டிசம்பரில் நாங்கள் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில், ஒரு தென்னங்காணியில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். மே மாதத்தில் ஊரை விட்டுப் புறப்பட்டது முதல் அது எங்களுடைய ஐந்தாவது இடம். நவம்பர் கடைசியில் வந்த நிஷா புயலின் வெள்ளத்தில் நனைந்தவை இன்னும் காயாமல் கிடந்தன. பிள்ளைகள் குடில் வைக்க வேண்டும் என்றார்கள். சுரூபங்கள் எல்லாம் ஊர்க்கோவிலில் விடுபட்டுப் போயிருந்தன. தேடியதில் ஒரு குடும்பத்தின் தகரப் பெட்டிக்குள், உடுப்புகளுக்கு நடுவில், ஒரு கை உடைந்த சூசையப்பர் மட்டும் அகப்பட்டார். ஓலைத் துண்டுகளால் ஒரு கூரை, அரிசிச் சாக்கைச் சுருட்டி ஒரு தொட்டி, அதன் முன்னால் சூசையப்பர் தனியாக. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, மாதாவும் பாலனும் எங்கே என்று கேட்டாள். நாங்கள் ஆசிரியர்கள் இரண்டு பேர் இருந்தோம், எங்களுக்கு வாய் வரவில்லை. பக்கத்துக் கொட்டிலில் இருந்த வயதான அம்மா ஒருவர், வெற்றிலையை இடித்துக்கொண்டே, "தாயும் பிள்ளையும் வந்துகொண்டிருக்கினம் மோனை. றோட்டிலை சனம் கூட, அதுதான் சுணங்குது" என்றார்.

திருவருகைக் காலத்தைப் பற்றி நான் படித்த நூல்கள் எதுவும் அதற்குக் கிட்ட வரவில்லை. எனினும் அந்த வார்த்தைக்குள் திருவழிபாட்டின் ஒழுங்கு முழுவதும் இருப்பதைப் பின்னர்தான் கண்டுகொண்டேன். திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் முழுக்க முழுக்கப் பெத்லகேமை நோக்கியவை அல்ல. டிசம்பர் 16 வரை வாசகங்களும் மன்றாட்டுகளும் பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியவை. "விழிப்பாயிருங்கள்" என்பதே முதல் ஞாயிற்றின் குரல். 17ஆம் திகதி முதல்தான் வழிபாடு பிறப்பு நிகழ்ச்சிகளின் பக்கம் திரும்புகிறது. அதாவது திருச்சபை நம்மைப் பின்னோக்கி, ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு தொட்டிலுக்கு மட்டும் அழைத்துப் போகவில்லை. இன்னும் வந்து சேராத ஒருவருக்காக வாசலில் இருத்துகிறது. வன்னியில் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் அமர்ந்த தாய்மாரிடம் போய், காத்திருத்தல் ஓர் அழகான ஆன்மிகப் பயிற்சி என்று யாரும் சொல்லக்கூடாது. அவர்கள் காத்திருப்பது பதில் வரவேண்டிய கேள்விக்காக. அவர்களுக்கு நாம் கற்பிக்க ஒன்றும் இல்லை. திருவருகைக் காலத்தில் ஒரு மாலைப்பொழுது அவர்கள் அருகில் போய் அமர்ந்தால், விழிப்பாயிருத்தல் என்பது என்ன என்று நாம்தான் கற்றுக்கொள்வோம்.

அடுத்ததாக "இடம்" என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் பயணம் போய் முட்டுவது அங்கேதான். பழைய மொழிபெயர்ப்பில் "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" பிள்ளையை முன்னணையிலே கிடத்தினாள் என்று வரும். இன்று நாம் பூசையில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் விடுதி என்றும் தீவனத் தொட்டி என்றும் இருக்கும். லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் கதலூமா. அதே சொல்லை அவர் கடைசி இராவுணவு நடந்த அறைக்கும் பயன்படுத்துகிறார். நல்ல சமாரியர் கதையில் காயப்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், காசு கொடுத்துத் தங்கும் சத்திரத்துக்கு அவர் எழுதும் சொல் வேறு. ஆகவே பெத்லகேமில் நிறைந்திருந்தது கட்டணச் சத்திரமல்ல, யாரோ ஒரு வீட்டின் விருந்தினர் அறை என்று பல அறிஞர் கருதுகிறார்கள். தாவீதின் ஊருக்குத் தாவீதின் வழிமரபினர் எல்லாரும் பதிவுக்கு வந்திருக்கும்போது, உறவுக்காரர் வீடு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அக்காலத்து எளிய வீடுகள் பலவற்றில் ஆடுமாடுகள் இரவில் வீட்டுக்குள்ளேயே, ஒரு படி தாழ்ந்த பகுதியில் கட்டப்படும்; தீவனத் தொட்டியும் அங்கேயே இருக்கும். அறையில் இடம் இல்லை, ஆனால் வீட்டை விட்டு யாரும் துரத்தவில்லை என்று வாசிக்க வழியிருக்கிறது. குகையில் பிறந்தார் என்ற மரபும் மிகப் பழையது, அதை நான் தள்ளவில்லை. ஒரு குகையை ஒட்டிக் கட்டிய வீடாகவும் இருந்திருக்கலாம்.

இந்த வாசிப்பு ஏன் எனக்குப் பிடிக்கிறது என்றால், நம் நாட்டில் நான் கண்டது இதைத்தான். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட மக்களில் பலர் அதற்குப் பின்வந்த மாதங்களில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தபோது, இரண்டு அறை வீடுகளில் நான்கு குடும்பம் இருந்தது. அறை ஒன்று பிள்ளைப்பேற்றுக்காரிக்கு, மற்றது வயதானவர்களுக்கு, விறாந்தை பெண்களுக்கு, ஆண்களுக்கு மாட்டுக்கொட்டிலும் மாமரத்தடியும். வீட்டுக்காரருக்கே தம் வீட்டில் படுக்க இடமில்லை. இடம் இல்லாத வீட்டில் இடம் உண்டாக்கினார்கள். நம் மொழியில் இடம்பெயர்தல் என்ற சொல்லுக்குள் இருக்கும் அதே இடம்தான் "இடம் கொடுத்தல்" என்பதற்குள்ளும் இருக்கிறது. 2009இல் வழியில் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்களே, சொந்த ஊர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இருக்கும் ஊர் வேறொன்று. அவர்களிடம் சொல்லுங்கள், நாசரேத்தூர் இயேசு என்று உலகம் அழைப்பவரின் பிறந்த இடமும் நாசரேத்து அல்ல என்று. ஒரு பையனிடம் நான் இதைச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவருக்கும் திருத்தம் செய்யக் கச்சேரிக்கு அலைய வேண்டி வந்திருக்கும்" என்றான். நான் சிரித்துவிட்டேன்.

மடுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. நாம் நேர்த்தி வைத்துப் போகும் திருப்பதியே ஓர் இடப்பெயர்வில் உண்டானது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டபோது, 1670ஆம் ஆண்டளவில் மாந்தையில் இருந்த குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத வன்னிக் காட்டுக்குள் புகுந்து மருதமடுவில் நிலைகொண்டன என்பது வழிவழியாக வரும் வரலாறு. அந்தத் தாயின் கையில் பிள்ளை இருக்கிறது. 2008 ஏப்ரலில் போர் கோவிலை நெருங்கியபோது அதே தாயும் பிள்ளையும் மறுபடி புறப்பட்டுத் தேவன்பிட்டிக்குப் போய், அதே ஆண்டிலேயே திரும்பினார்கள். பெத்லகேமுக்குப் போன இருவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த, வேறெங்கும் போய் உவமை தேட வேண்டியதில்லை.

பாலனைத் தேடி வந்த ஞானிகளின் பயணத்தைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். மத்தேயு அவர்கள் மூவர் என்றும் சொல்லவில்லை, அரசர் என்றும் சொல்லவில்லை. மூவிராசாக்கள் நம் செல்லப் பெயர். எனக்கு அங்கே உறுத்துவது எருசலேமின் மறைநூல் அறிஞர்கள். இறைவாக்கினர் மீக்காவின் வசனம் அவர்களுக்கு மனப்பாடம். மெசியா பெத்லகேமில் பிறப்பார் என்று ஏரோதுவுக்குத் தயங்காமல் எடுத்துச் சொன்னவர்கள் அவர்களே. பெத்லகேம் அங்கிருந்து ஒன்பது கிலோமீற்றருக்குள். அவர்களில் ஒருவரும் போனதாக மத்தேயு எழுதவில்லை. நாற்பது ஆண்டு மறைக்கல்வி எடுத்தவனுக்கு இது வாசிக்க இலகுவான பகுதி அல்ல.

இனிப் பிள்ளைகளோடு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். முதலாவது, பஞ்சை விடுங்கள். குடிலின் மேல் பனி என்று பஞ்சு ஒட்டும் வழக்கம் நம் மாரிக்கு ஒவ்வாது. டிசம்பரில் வன்னிக்கு என்று ஒரு திருவருகைக் காலம் வெளியிலேயே நடந்துகொண்டிருக்கிறது: கட்டுக்கரைக் குளமும் இரணைமடுவும் நிறைகின்றன, காலபோக நெல் குடலைப் பருவத்தில் கதிரை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிறது. பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். வகுப்பை ஒரு நாள் வயற்கரைக்குக் கூட்டிப் போய், ஒரு குடலையை மெதுவாகப் பிரித்து உள்ளே இருக்கும் இளங்கதிரைக் காட்டுங்கள். வயற்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, குடிலை முதல் ஞாயிறன்றே நிரப்பாதீர்கள். 1223இல் புனித பிரான்சிஸ் கிறேச்சோவில் அமைத்த குடிலில் இருந்ததாக அவர் வரலாறு சொல்வது தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவே. தொட்டியை வெறுமையாக வைத்து, மரியாவையும் சூசையப்பரையும் கோவிலின் பின்வாசலில் நிறுத்தி, ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை அவர்களைச் சிறிது தூரம் முன்னே நகர்த்தட்டும். நகர்த்தும் பிள்ளை அன்று யாருக்கு இடம் கொடுத்தது என்பதைச் சொல்லவும் வேண்டாம். சொல்ல வைத்தால் போட்டியாகிவிடும், நமக்குப் போட்டிகள் போதும்.

மூன்றாவது, கரோல் வழியை மாற்றுங்கள். எங்கள் பங்கிலும் நெடுங்காலம் வீதியோரத்துப் பெரிய வீடுகளிலேயே தொடங்கி, இரவு பதினொரு மணிக்குக் களைத்துப்போய்க் கடைசி ஒழுங்கைகளை விட்டுவிடுவோம். கடைசி ஒழுங்கையில் தொடங்குங்கள், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களின் வீடுகளில், புதிதாகக் குடியேறியவர்களின் தற்காலிகக் கொட்டில்களில். சைவ வீடுகளை விலக்காதீர்கள். சில ஆண்டுகளில் திருவெம்பாவை நாட்களும் நத்தாரோடு சேர்ந்தே வரும். நாங்கள் இரவில் பாடிக் களைத்துப் படுக்க, விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்கும். ஒரு வீட்டுப் பெண் அடுத்த வீட்டுப் பெண்ணை "இன்னுமா உறக்கம்" என்று எழுப்பும் அந்தப் பாடல்களையும், விழிப்பாயிருங்கள் என்ற நம் முதல் ஞாயிற்று வாசகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த ஊரில் மார்கழி முழுவதும் யாரோ ஒருவர் யாரோ ஒருவரை எழுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்.

கடைசியாக ஒளிவிழா நாடகம். இந்த ஆண்டு சத்திரக்காரரை எடுத்துவிட்டு ஒரு வீட்டுக்காரியை வைத்துப் பாருங்கள் என்று கேட்கிறேன். வீடு நிறையச் சனம், எல்லாரும் பதிவுக்கு வந்தவர்கள், பிள்ளைகள் அழுகிறார்கள், சோறு போதவில்லை. வாசலில் இருவர் வந்து நிற்கிறார்கள். அவள் உள்ளே திரும்பிப் பார்க்கிறாள், மறுபடி வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் வகுப்பில் அந்தப் பாத்திரத்தை எடுக்கும் பிள்ளை தன் அம்மம்மாவிடம் கேட்டு வரட்டும், அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று. மேடைக்கு ஓர் அரிக்கன் லாம்பும், ஒரு செம்பு தண்ணீரும், சுருட்டி வைத்த பழைய பாய் ஒன்றும் போதும். பாய் எந்த வீட்டிலும் கிடைக்கும்.